தாழ்ப்பாளில் தொங்கிய பை

அந்த வீட்டு வாசலுக்கு நான்கு படிகள். 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்கு முதல் படி தண்ணீருக்குள் போனது. வீட்டில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. நவம்பர் நடுவில் அடித்த மழையிலும் இப்படித்தான் வந்தது, இரண்டாவது படியோடு நின்றது, மறுநாள் மதியத்துக்குள் வடிந்தும் போனது. "போன தடவை ரெண்டாவது படிதானே? மிஞ்சிப்போனா இந்தத் தடவை மூணாவது படி" என்றார் அப்பா. அவருக்கு 72 வயது. ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுப் பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒரு தெருவில், தரைத்தளப் போர்ஷனில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருந்த குடும்பம் அது. தெருவும் தெருவில் வரும் தண்ணீரும் தங்களுக்கு அத்துபடி என்று நம்பியிருந்தார்கள்.

அடுத்த இரண்டு மணி நேரமும் வீடு சாமான் தூக்கியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகனும் அவன் மனைவியும் வாஷிங் மெஷினை இரண்டு ஸ்டூல்மேல் ஏற்றினார்கள். ஃபிரிட்ஜைச் சாய்த்துப் பிடித்து, காலுக்கு மூன்று செங்கல் வீதம் முட்டுக்கொடுத்தார்கள். டிவி பரணுக்குப் போனது. அரிசி மூட்டை சாப்பாட்டு மேசைக்கு ஏறியது. ஆறு வயது மகள் தன் ஸ்கூல் ஷூவையும் கலர் பென்சில் டப்பாவையும் ஜன்னல் திட்டில் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். மூலையில் நின்ற இரும்பு பீரோவை மட்டும் யாரும் தொடவில்லை. தூக்க முடியாது என்பது ஒன்று. பூட்டிய பீரோவுக்குள் தண்ணீர் எங்கே போகப்போகிறது என்ற நினைப்பு இன்னொன்று. வீட்டுக் காகிதம் அத்தனையும் அதன் கீழ்த்தட்டில்தான் இருந்தது.

பத்தரை மணி இருக்கும். பாத்ரூமிலிருந்து களக் களக்கென்று ஒரு சத்தம். முதலில் வெளியே வந்தவை கரப்பான்பூச்சிகள். நூறாவது இருக்கும், சுவரில் வரிசையாக மேலே ஏறின. பின்னாலேயே சாக்கடைக் குழி வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. வாசலில் மூன்றாவது படி இன்னும் காய்ந்துதான் இருந்தது. அவர்கள் காவல் வைத்திருந்த வாசலை விட்டுவிட்டு, தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பி வந்தது.

அன்று பெய்தது என்ன மழை என்பது பின்னால்தான் தெரிந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அதற்கு முன்பு, நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பதிவாகியிருந்தது. 1918-க்குப் பிறகு சென்னை அப்படியொரு நவம்பரைப் பார்த்ததில்லை. மண் குடிக்க முடிந்ததைக் குடித்து முடித்திருந்தது. ஏரிகள் தளும்பி நின்றன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது என்பது அரசு தந்த கணக்கு. அதோடு ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளும் வழிந்து அதே அடையாற்றில் சேர்ந்தன. மறுநாள் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு வெள்ளத்தால் அப்படி ஒரு நாள் தவறியது அதுவே முதல் முறை. அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர வழியில்லை.

இதில் ஒரு வரிகூட அன்றிரவு அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை. மின்சாரம் ஏழு மணிக்கே போயிருந்தது. செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. குடும்பத்தின் கையில் இருந்த ஒரே அளவுகோல் வாசல்படி. அதிலும் போன மாதத்து வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு. அந்தக் கோடு எவ்வளவு பெரிய ஏமாற்று என்பதை அவன் இன்றைக்கும் எண்ணி எண்ணிப் பார்க்கிறான். வெள்ளமே பார்க்காத குடும்பமாக இருந்திருந்தால் எட்டரை மணிக்கே பயந்து மாடி ஏறியிருப்பார்கள். சின்ன வெள்ளம் ஒன்றைப் பார்த்திருந்ததால், தைரியமாகச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மாடி வீட்டம்மா இறங்கி வந்தார்.

அறுபதை நெருங்கும் வயது. யாழ்ப்பாணத்தில் கொக்குவில்காரர். மண்டபம் அகதி முகாமில் சில வருடங்கள் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர், தையல் வேலை செய்துகொண்டு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். மகள் அவரை 'ஆச்சி' என்பாள்; அப்படிக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். கணுக்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் டார்ச்சோடு கூடத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். ஸ்டூல்மேல் நின்ற வாஷிங் மெஷினில் டார்ச் வெளிச்சம் ஒரு கணம் நின்றது.

"தம்பி, மெஷினை விடுங்கோ. மெயினை நிப்பாட்டியாச்சோ?"

"கரண்ட்தான் இல்லையேம்மா."

"இப்ப இல்லை. விடிய மூண்டு மணிக்கு வந்துதெண்டால்?"

அவன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினான். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார். "அப்பான்ரை மருந்து எங்கை? ஊசி மருந்து?" ஃபிரிட்ஜ் கதவில். "காகிதங்கள்?" பீரோவில். "ஆர் என்னத்தைத் தூக்கிறது எண்டு சொல்லிப்போட்டீங்களோ?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா, "நாங்க பாத்துக்கறோம்மா, பதினோரு வருஷமா இந்த வீட்ல இருக்கோம்" என்றார். அதற்கு அந்த அம்மா குரலை உயர்த்தினார். "ஐயா, நீங்கள் மேலை ஏறாட்டில் உங்களைத் தூக்க ரெண்டு பேர் வேணும். பிறகு பிள்ளையை ஆர் தூக்கிறது?" அப்பாவை அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. மறுபேச்சில்லாமல் மாடி ஏறினார். மறுநாள் சாயங்காலம்வரை அந்த அம்மாவோடு அவர் பேசவில்லை.

மனைவி இன்சுலின் குப்பியையும் ஊசிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டான். பீரோ சாவி, தூக்கி அடுக்கிய சாமானுக்கு அடியில் எங்கோ போயிருந்தது. தேடினான். முழங்கால் தாண்டித் தண்ணீர் வந்தபோது மேலேயிருந்து மனைவி கத்தினாள். சாவி கிடைக்காமலே ஏறிவிட்டான்.

விடியற்காலை மூன்று மணிக்குத் தரைத்தளத்து ஃபேன் இறக்கை தண்ணீருக்குள் இருந்தது.

*

மாடி வீட்டுக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளில் ஒரு பச்சை ரெக்சின் பை எப்போதும் தொங்கும். பையின் வாரைத் தாழ்ப்பாள் தண்டில் மாட்டியிருப்பார். பையைக் கையில் எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது. அவனும் மனைவியும் அதைப் பார்த்திருக்கிறார்கள். முகாமில் இருந்தவர், பழக்கம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டதோடு சரி. மகளுக்கு மட்டும் அந்தப் பையோடு நல்ல உறவு. மாதத்தின் முதல் தேதி அன்று ஆச்சி பையைத் திறந்து பழைய பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, புதிய பாக்கெட்டை உள்ளே வைப்பார். முதல் தேதி என்றால் ஆச்சி வீட்டில் பிஸ்கட் நாள் என்றுதான் குழந்தைக்குத் தெரியும். அன்றும் முதல் தேதிதான். பள்ளிக்கு மழை விடுமுறை என்பதால் காலையிலேயே போய்ப் பாக்கெட்டை வாங்கி வந்திருந்தாள்.

அந்த இரவில்தான் பையை முதன்முறையாக முழுதாகத் திறந்து பார்த்தார்கள். டார்ச், பாலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, இரண்டு மாற்றுடை, பேனாக்கத்தி, காய்ச்சல் மாத்திரை, சர்க்கரைப் பொட்டலம், ஒரு விசில், பத்தும் இருபதும் ஐம்பதுமாக ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டு, சிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் அகதிப் பதிவு அட்டை, இரண்டு புகைப்படங்கள். டார்ச் பேட்டரியை வருடா வருடம் பொங்கலன்று மாற்றிவிடுவார். பேட்டரியை அவர் கையாளும் விதம் நகை எடுத்து வைப்பது மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் 1990 முதல் மின்சாரம் இல்லாமல் போயிருந்தது. டார்ச் பேட்டரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஜாம் போத்தலில் திரி போட்டு, ஒரு துளி மண்ணெண்ணெயில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த காலம் அது.

"அப்ப இதே பையத்தான் அங்கேயிருந்து தூக்கிட்டு வந்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அந்தப் பை அங்கை ஆணியிலைதான் தொங்கிக்கொண்டு நிண்டது."

1995 அக்டோபர் 17 அன்று இலங்கை ராணுவம் 'ரிவிரெச' என்று பெயரிட்ட நடவடிக்கையைத் தொடங்கி வலிகாமத்துக்குள் நகர்ந்து வந்தது. 30-ஆம் தேதி மாலை, எல்லோரும் உடனே வெளியேறித் தென்மராட்சிப் பக்கம் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். அந்த இரவிலும் அடுத்தடுத்த நாட்களிலும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கண்டி வீதி வழியாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். கொட்டும் மழை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள், கிழவியைக் கதிரையில் வைத்துத் தூக்கிப் போனவர்கள், ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனவர்கள். சாதாரண நாளில் சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்தில் போகிற சாவகச்சேரிக்கு, இரவு முழுவதும் அடுத்த பகலும் நடந்தார்கள். சனம் அசையாமல் நின்ற இடத்தில் குடையைத் திருப்பிப் பிடித்து, அதில் சேர்ந்த மழைத்தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்ததாகச் சொன்னார்.

அவர் வீட்டில் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஷெல் விழத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பை கட்டி வாசலறையில் தொங்கவிட்டிருந்தார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் படிப்புக் காகிதங்கள், மாமியாரின் இழுப்பு மருந்து எல்லாம் அதில் இருந்தன. கணவர் தையல் மெஷின் தலையைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். இவர் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டார். பெரியவள் அரிசிப் பையைத் தூக்கினாள். நாவற்குழியை நெருங்கும்போது மாமியாருக்கு மூச்சு இழுத்தது. மருந்தை எடுக்கக் கணவர் இவரைப் பார்த்தார், இவர் கணவரைப் பார்த்தார்.

"நான் எடுத்தனான் எண்டு அவர் நினைச்சார். அவர் எடுத்தவர் எண்டு நான் நினைச்சன். மாமி எங்கள் ரெண்டு பேரையும் நம்பினா."

திரும்பிப் போக முடியவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் தெரு முழுக்க ஒரே திசையில் சனம். எதிர்த்துப் போக ஒரு சைக்கிளுக்குக்கூட இடம் இல்லை. மாமியார் சாவகச்சேரிவரை வந்தார். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் ஐந்தாறு குடும்பங்களோடு தங்கியிருந்தபோது மூன்றாம் நாள் இறந்துபோனார். பிறகு கிளாலிக் கடலேரி தாண்டி வன்னி, அங்கே மலேரியாவில் கணவர், பிறகு மன்னார், படகு, ராமேசுவரம். இவற்றையெல்லாம் நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஆணியைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினார். அது எந்தச் சுவரில் இருந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது, கதவிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தது என்றெல்லாம் சொன்னார். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான் என்று இருட்டில் கையை நீட்டிக் காட்டினார்.

அவன் நெஞ்சில் அன்று விழுந்தது அந்தக் கை. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்காலம் தொடங்கும்போது பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. டார்ச் வையுங்கள், உலர் உணவு வையுங்கள், ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள். பட்டியல் தப்பில்லை. ஆனால் கொக்குவில் வீட்டில் அந்தப் பட்டியல் முழுக்க ஒரு பைக்குள் இருந்தது. இல்லாதது, அதைத் தூக்குகிற ஆள் யார் என்ற ஒரு சொல். ஜாபர்கான்பேட்டை வீட்டிலும் கைகள் இருந்தன, இரண்டு மணி நேரம் இருந்தது. எதை முதலில் எடுப்பது, எந்தக் கோட்டைத் தொட்டால் கிளம்புவது என்று பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசிய ஒரு நாள் இல்லை.

*

இரண்டு இரவும் ஒரு பகலும் மாடியில் கழிந்தன. மொட்டை மாடித் தொட்டியில் மிச்சமிருந்த நீர்தான் குடிக்க. கீழே சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டது, மோட்டார் முழுகிவிட்டது. அதனால் அந்த அம்மா முதல் வேலையாகத் தொட்டிக் குழாயை மூடினார். கக்கூஸுக்கு மழைத்தண்ணீர், குடிக்கத் தொட்டித்தண்ணீர் என்று சட்டம் போட்டார். வெள்ளைப் புடவை ஒன்றைத் துணிக்கொடியில் நான்கு மூலை கட்டித் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கூழாங்கல் போட்டு, அடியில் பானை வைத்தார். பானை நிரம்ப அதிக நேரம் ஆகவில்லை.

இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் இல்லை. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கச் சொல்வார்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பி வெயில் படாத அறையில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். அது அன்று யாருக்கும் தெரியாது. மனைவி குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா துளசித் தொட்டி மண்ணை நனைத்து, அதில் சின்ன மண்கலயம் ஒன்றைப் புதைத்து, குப்பியைப் பாலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் வாயை மூடினார். வன்னியில் ஒரு மருத்துவத் தாதியிடம் கற்றதாம். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம், "உங்களுக்கு டீ வேணுமாம்மா?" என்று அவரே கேட்டார்.

3-ஆம் தேதி காலை மீனவர்களின் ஃபைபர் படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. அன்றைக்குக் கடலோரக் குப்பங்களிலிருந்து தங்கள் படகோடு கிளம்பி நகரத்துக்குள் வந்தவர்களை இந்த ஊர் எந்த நாளும் மறக்கக் கூடாது. முதல் நடையில் வயதானவர்கள், குழந்தைகள். அப்பாவும் மகளும் ஏறினார்கள். அடுத்த நடையில் அவனும் மனைவியும் ஏறிக் கரை சேர்ந்தபோது, முதல் நடை வேறொரு மேட்டில் ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அங்கிருந்து ஏதோ ஒரு வேனில் ஏதோ ஒரு மண்டபத்துக்கு. எந்த மண்டபம்? யாருக்கும் தெரியவில்லை. அவன் போன் செத்திருந்தது. பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கினான். வாங்கிய பிறகுதான் தன் எண்ணைத் தவிர வேறு யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை என்பது உறைத்தது.

ஐந்து மணி நேரம்.

குழந்தையைக் கண்டுபிடித்துக்கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. படகில் ஏறும்முன் ஆச்சி அவள் கவுனின் உள்பக்கம் ஊக்கு குத்தி ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தார். அதில் பெயர், அப்பா பெயர், அண்ணா நகர் அத்தை வீட்டு லேண்ட்லைன் எண். முதல் நாள் இரவே மனைவியிடம் கேட்டு எழுதி வைத்தது. செல்போன்கள் ஓய்ந்துவிட்ட அந்த நாளில் அத்தை வீட்டு லேண்ட்லைன் உயிரோடு இருந்தது. மண்டபத்தில் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் அந்த எண்ணுக்குப் பேசினாள்.

*

5-ஆம் தேதி தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனபோது சமையலறைக் கதவு திறக்கவில்லை. ஃபிரிட்ஜ் மிதந்து போய்க் கதவுக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தது. அவர்கள் இடுப்பொடிய அடுக்கிய செங்கல்கள் சேற்றில் அப்படியே இருந்தன. அரிசி மூட்டை புளித்து வெடித்திருந்தது.

பீரோவை ஆள் வைத்து உடைத்தார்கள். கீழ்த்தட்டு ஒரு தொட்டி மாதிரி. தண்ணீர் உள்ளே போக வழி இருந்தது, வெளியே வர வழி இல்லை. ஒரு நாள் முழுக்கக் காகிதம் உலர்த்தினார்கள். கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையே செய்தித்தாள் வைத்து மெதுவாக இஸ்திரி போட்டார்கள். அதில் ஒன்று தெரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்த சான்றிதழ்கள்தான் மிக மோசமாகக் கெட்டன. ஓரத்தில் புகுந்த நீர் உள்ளேயே நின்றுவிட்டது. பிரித்தால் தாள் பிளாஸ்டிக்கோடு வந்தது, பிரிக்காவிட்டால் பூசணம் பிடித்தது. வெறும் தாளாக இருந்த ரேஷன் விண்ணப்ப ரசீதுகூட வெயிலில் காய்ந்து பிழைத்துக்கொண்டது.

எதை இழந்தோம் என்று அவர்கள் பயந்ததும் உண்மையில் இழந்ததும் வேறு வேறாக இருந்தன. மகளின் பிறப்புச் சான்றிதழ் போயிற்றே என்று மனைவி இரண்டு இரவு தூங்கவில்லை. சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் அது ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு டிசம்பரிலேயே சிறப்பு முகாம்கள் நடத்தியது. பாஸ்போர்ட்டைக் கட்டணமில்லாமல் மாற்றிக்கொடுத்தார்கள். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். நகல் வாங்கி ஈடுகட்ட முடியாதவை இரண்டு. ஒன்று, அப்பாவின் 1960-ஆம் வருடத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அச்சடித்த கோடுகளும் முத்திரையும் அப்படியே இருந்தன. மையில் எழுதிய மதிப்பெண்களும் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் நீல மேகமாகப் பரவிவிட்டன. வேலைக்குத் தேவைப்படும் வயதை அவர் என்றோ தாண்டிவிட்டார். ஆனாலும் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

இன்னொன்று, 2009-ல் இறந்துபோன அம்மாவின் வரவு செலவு நோட்டு. பால், காய்கறி, சீட்டுப் பணம் என்று இருபது வருடக் கணக்கு. நடுநடுவே, 'இன்று மாம்பழம் கிலோ ஏழு ரூபாய், வாங்கவில்லை' என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். முழு நோட்டும் ஒரே கட்டியாக ஒட்டிப்போய், விரல் பட்ட இடமெல்லாம் கூழானது.

அன்றிலிருந்து அவன் வீட்டுக் காகிதங்களை இரண்டாகப் பிரித்து வைக்கிறான். திரும்பக் கிடைப்பவை, கிடைக்காதவை. முதல் வகையைப் படம் எடுத்து மூன்று இடத்தில் சேமித்தாயிற்று. அசல்கள் பரணில், மூடி இறுக்கமான டப்பாவில். இரண்டாவது வகை, ஆச்சியுடையது போல அவர்களும் கட்டி வைத்த பையில். கொக்குவில் அம்மாவுக்கு இந்தப் பிரிவினை ஒத்துவரவில்லை. "நகல் தாறதுக்கு ஒரு கந்தோர் இருக்கிற ஊரிலை உப்பிடிச் சொல்லலாம், தம்பி. ஊரே எழும்பி நடந்தால் கந்தோர் எங்கை?" என்றார். அதற்கு அவனிடம் பதில் இல்லை. காணி உறுதி இல்லாமல் அவர் பட்ட பாட்டை அவன் பார்த்திருக்கிறான். ஆகவே பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்றும் பையில் இருக்கிறது.

பையும் மாறியது, வீடும் மாறியது. 2017-ல் மடிப்பாக்கத்தில் முதல் மாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த வருடம் அந்த அம்மா கொக்குவிலுக்கே திரும்பிப் போனார். போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மடிப்பாக்கம் வந்து, எல்லோரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவரும் என்ன தூக்குவது என்று வாய்விட்டுச் சொல்லவைத்தார். அப்பா: தன் மருந்துப் பெட்டி, கண்ணாடி, ஊன்றுகோல், வேறொன்றும் கிடையாது. மனைவி: தண்ணீர், உணவு. அவன்: மெயின், கேஸ், கதவுப் பூட்டு, பிறகு அப்பாவின் கை. மகள்: பை. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பையைக் கொடுப்பதா என்று மனைவி தயங்கினாள். "பெரிய ஆக்களுக்கு அந்த நேரத்திலை ஆயிரம் யோசினை. பிள்ளைக்கு ஒரே வேலை" என்றார் ஆச்சி.

தெருவில் எதிர் மின்கம்பத்தில் நீலப் பெயின்டில் ஒரு கோடு போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் கிளம்ப வேண்டும். அப்போது பேச்சு வார்த்தை கிடையாது. பிரிந்துபோனால் சேருமிடம் அண்ணா நகர் அத்தை வீடு. பைக்குள் ஓர் அட்டையில் பேனாவால் எழுதிய எண்கள்: அத்தை, பள்ளி, அப்பாவின் டாக்டர், மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, மாநகராட்சிக்கு 1913, கேஸ் கசிந்தால் 1906. அத்தை வீட்டு எண்ணை நால்வரும் மனப்பாடம் செய்தார்கள். மாதம் முதல் தேதி பிஸ்கட் மாறுகிறது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் பெய்த மழையே மடிப்பாக்கத்துத் தெருக்களில் வடியாமல் நின்றிருந்தது. மாலை நான்கரைக்குத் தண்ணீர் நீலக்கோட்டைத் தொட்டது. மழை அப்போது தூறல்தான். மாடியில் இருப்பவர்கள் ஏன் போகவேண்டும் என்று கீழ் வீட்டுக்காரர் கேட்டார். கேள்வி நியாயமானது. அப்பாவுக்கு 80 வயது, கரண்ட் போனால் இருட்டில் படி இறக்க முடியாது என்று அவன் சொன்னான். கீழ் வீட்டுக்காரரின் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு ஆட்டோவில் கிளம்பினார்கள். அன்றிரவு கொட்டத் தொடங்கிய மழை மறுநாள் இரவுவரை விடவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், நான்கு நாள் மின்சாரம் இல்லை.

ஆட்டோ கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது கொக்குவிலிலிருந்து போன் வந்தது. செய்தியில் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார். மகள்தான் எடுத்தாள்; அவளுக்கு அப்போது 14 வயது.

"பை ஆரிட்டை?" என்றது மறுமுனை.

"என்னட்டை, ஆச்சி" என்றாள் அவள். பிறகு, தாத்தா கண்ணாடியை எடுத்துக்கொண்டாரா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். மகள் திரும்பித் தாத்தாவின் சட்டைப் பையைப் பார்த்தாள்.